பாட்டைக் காக்கிற கணினியை வாங்குங்கள்

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அய்யனார் கோவில் மலையடிவாரத்து ஊர்களிலும் வீட்டு அறை ஒன்றை ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றியிருக்கிற, மாற்றுவதற்குப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிற உங்கள் அனைவருக்கும் எழுதுகிறேன்.

உங்களில் சிலர் விரைவில் ஒரு கணினி வாங்கப்போகிறீர்கள். அதைப் பற்றித்தான் இந்த மடல். அவரவர் பணம், அவரவர் விருப்பம். இதில் இன்னொருவர் தலையிட என்ன உரிமை என்று நீங்கள் கேட்டால், உரிமை எதுவும் இல்லைதான். ஆனால் நீர்காத்த அய்யனார் மேல் பாடுகிற வர்ணிப்பும், முளைப்பாரிக் கும்மியும், கோவில் கொடைக்குக் கொடை ஊர் மாறிப் போகும் நையாண்டி மேளமும், வில்லுப்பாட்டும் சென்னையின் பெரிய கூடங்களைத் தேடிப் போவதில்லை. பதிவாகிற கொஞ்சமும் உங்களுடைய பத்துக்குப் பத்து அறைகளில்தான் பதிவாகிறது. எழுபதைத் தாண்டிய ஓர் ஆத்தா ஒரு மத்தியானம் வந்து பாடிவிட்டுப் போன பாட்டுக்கு வேறெங்கும் பிரதி கிடையாது. உங்கள் கணினியில் இருக்கிற வரைக்கும்தான் அது இருக்கிறது. எனவே நீங்கள் எந்தக் கணினியைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பது உங்கள் வீட்டோடு முடிகிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

'வீட்டுக் கூடம்தானே' என்று நீங்களே உங்களைக் குறைத்துப் பேசாதீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏ. ஆர். ரகுமானின் பஞ்சதன் கூடம் 1989இல் கோடம்பாக்கத்தில் அவர் வீட்டின் பின்புறத்தில் எழுந்ததுதான். 1992இல் வெளிவந்த 'ரோஜா'வின் பாட்டுகள் அங்கேதான் உருவாயின. வீட்டில் இருப்பதால் ஒரு கூடம் சின்னதாகிவிடுவதில்லை. அதே காரணத்தால், பெரிய கூடத்துக்கு இருக்கிற பொறுப்பும் உங்களுக்கு உண்டு: வந்து பாடியவரின் குரல் தொலையக்கூடாது, பாடிக்கொண்டிருக்கும்போது இயந்திரம் நிற்கக்கூடாது. கணினி வாங்குகிற கடையில் இந்த இரண்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதுதான் என் குறை. எத்தனை கோர், எவ்வளவு ரேம், எந்த கிராபிக்ஸ் கார்டு என்று பேச்சு ஓடுகிறது. கேம் விளையாடுகிறவருக்கும் வீடியோ எடிட் செய்கிறவருக்கும் கணினி அசெம்பிள் செய்து பழகிய கடைக்காரர், தனக்குத் தெரிந்ததை உங்களுக்கும் பொருத்தித் தருகிறார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. உங்கள் தொழிலுக்கு என்ன தேவை என்று நீங்கள்தான் அவரிடம் சொல்லவேண்டும். அதைச் சொல்லத் தெரியாமல் போவதால், கண்ணாடிப் பெட்டிக்கும் வண்ண விளக்குக்கும் நீங்கள் பணம் கட்டுகிறீர்கள்.

ஒலிப்பதிவு கணினியிடம் உண்மையில் எவ்வளவு கேட்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மைக்கின் ஒலியை எழுத நொடிக்கு 1,44,000 பைட் போதும். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 520 எம்பி. இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், உறுமி, பம்பை, தமுக்கு, தாளம் என்று நையாண்டி மேளத்துக்கு எட்டு மைக் வைத்தாலும் நொடிக்கு 1.2 எம்பியைத் தொடாது. பத்தாண்டு பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் கூட நொடிக்கு ஐம்பது எம்பிக்கு மேல் சுளுவாக எழுதும். அதாவது, பதிவு செய்வதற்கு மட்டும் என்றால், இன்று கடையில் இருக்கிற மிகச் சாதாரணக் கணினிக்கும் இது பெரிய பாரம் இல்லை.

பிறகு ஏன் பதிவில் 'டக்' 'டக்' என்று வெட்டு விழுகிறது? கணினியின் மொத்த வலு போதாததால் அல்ல, குறித்த நேரத்துக்குள் வேலையை முடிக்காததால். பஃபரை 128 சாம்பிள் என்று வைத்தால், ஒவ்வொரு 2.7 மில்லிவிநாடிக்குள்ளும் கணினி தன் வேலையை முடித்து ஒலியைக் கையில் கொடுத்தாகவேண்டும். மலையிலிருந்து வருகிற நீரை நேரே வயலுக்கு விடாமல் கண்மாயில் தேக்கி விடுகிறோம் இல்லையா, பஃபரும் அந்தக் கண்மாய்தான். கண்மாய் சிறிதாக இருந்தால் வரத்து கொஞ்சம் தடைப்பட்டாலே வயல் காயும். எவ்வளவு பெரிய ஆறு பின்னால் ஓடினாலும் அந்த நேரத்துக்கு உதவாது. வைஃபை டிரைவர் ஒன்று ஐந்து மில்லிவிநாடி பிராசசரைப் பிடித்து வைத்துக்கொண்டால் போதும், பதினாறு கோர் உள்ள கணினியிலும் வெட்டு விழும். ஆயிரத்தில் 999 முறை சரியாகச் செய்கிற கணினி எக்செல் வேலைக்கு அருமையானது. குரல் பதிவுக்கு அது கெட்ட கணினி. ஆகவே கடையில் நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி 'எவ்வளவு வேகம்' என்பது இல்லை, 'எவ்வளவு நேரம் தடங்கல் இல்லாமல் ஓடும்' என்பதுதான். லேட்டன்சிமான் என்ற நிரலை இறக்கி, வாங்கப்போகிற கணினியில் அரை மணி நேரம் ஓடவிட்டால், எந்த டிரைவர் நடுவில் புகுந்து நேரத்தைத் தின்கிறது என்று காட்டிவிடும். இதற்கு விடாத கடையில் வாங்காதீர்கள்.

ஒலிக்கு வேகத்தைவிட நேரம் தவறாமைதான் முக்கியம் என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1985இல் வந்த அட்டாரி எஸ்டி கணினியின் பிராசசர் வெறும் 8 மெகாஹெர்ட்ஸ். ஆனால் மிடி இணைப்பு அதிலேயே கட்டப்பட்டிருந்தது. தாளத்தை இம்மி பிசகாமல் அனுப்பியது. அதைவிடப் பல மடங்கு வேகமான கணினிகள் வந்த பிறகும், 1993இல் அதன் உற்பத்தி நின்ற பிறகும், மேலைநாட்டு இசைக்கலைஞர்கள் பலர் அதை மேசையிலிருந்து எடுக்கவில்லை. அவர்கள் பழமைப் பித்தர்கள் அல்லர். நம்பத் தகுந்த ஒன்றைக் கைவிட அவர்களுக்குக் காரணம் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

ஊர் மாறினால் கணினிக்கு வருகிற ஆபத்தும் மாறும். குளிரூட்டிய நகரத்து அறையை மனதில் வைத்து எழுதிய பரிந்துரைகளைப் படித்துவிட்டு நம் ஊருக்குக் கணினி வாங்குவதில்தான் பெரிய பிழை நேர்கிறது. ராஜபாளையம் நூற்பாலைகளின் ஊர். பக்கத்துச் சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் தறிகள் ஓடுகின்றன. காற்றில் பஞ்சு இருக்கிறது. சாதாரணத் தூசி விசிறியில் படியும், ஊதினால் போய்விடும். பஞ்சு இழை அப்படியில்லை. ஹீட் சிங்க் தகடுகளுக்கு இடையே மெத்தைபோல் அடைத்துக்கொள்ளும். சித்திரை வைகாசியில் வெயில் 38, 39 டிகிரியைத் தொடுகிறபோது, நீங்கள் பதிவுக்காக ஜன்னலை மூடுகிறீர்கள், சீலிங் ஃபேனை நிறுத்துகிறீர்கள், ஏசி இருந்தால் அதன் சத்தம் மைக்கில் விழும் என்று அதையும் நிறுத்துகிறீர்கள். கணினி அதிகமாக உழைக்கவேண்டிய அதே நேரத்தில்தான் அறையும் அதிகமாகச் சூடாகிறது. பிராசசர் நூறு டிகிரியை நெருங்கினால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முதல் மணி நேரம் நன்றாக ஓடிய பதிவு இரண்டாவது மணியில் வெட்ட ஆரம்பிப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம். விசிறி ஊளையிடத் தொடங்கி அந்தச் சத்தமும் குரலோடு சேர்ந்து பதிவாவது தனி.

இதற்கு விலையுயர்ந்த குளிர்விப்பு தேவையில்லை. குறைந்த மின்சாரம் தின்கிற பிராசசர், மெதுவாகச் சுற்றும் பெரிய விசிறிகள், காற்று நுழையும் இடத்தில் கழற்றிக் கழுவக்கூடிய வலை, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் ஓரிடம் — இவை போதும். கிராபிக்ஸ் கார்டே வேண்டாம். பிராசசரில் உள்ள காட்சி வசதி உங்கள் வேலைக்குத் தாராளம். கார்டு இல்லையென்றால் அதன் சூடும் இல்லை, விசிறியும் இல்லை, அதன் டிரைவர் தருகிற தொல்லையும் இல்லை. மிச்சமாகிற பணத்துக்கு வேலை இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது கரண்ட். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் நிறுத்துவது முன்கூட்டியே தெரியும். அதற்கு ஏற்பாடு செய்துகொள்ளலாம். ஐப்பசி கார்த்திகையில் மலைமேல் இடி இறங்குகிறபோது கண்சிமிட்டும் நேரம் போய் வருகிற கரண்ட்டுக்கு முன்னறிவிப்பு கிடையாது. மேசைக் கணினியின் பவர் சப்ளை கரண்ட் இல்லாமல் தாங்குகிற நேரம், முழுச் சுமையில் சுமார் 16 மில்லிவிநாடி. வீட்டு இன்வர்ட்டர் அதற்குள் மாறிவிடும் என்று நம்பி உட்காராதீர்கள். யூபிஎஸ் முறையில் வைத்தால்தான் பல இன்வர்ட்டர்கள் அந்த வேகத்தில் மாறும். சதுர அலை இன்வர்ட்டராக இருந்தால் ஒலியில் இரைச்சலும் சேரும். மேசைக் கணினி வாங்குகிறவர் யூபிஎஸ்ஸையும் அதோடு சேர்த்து ஒரே பொருளாக நினையுங்கள். லேப்டாப் வாங்குகிறவருக்குப் பேட்டரியே காவல். இதை வைத்துப் பார்த்தால், நம் ஊர் நிலைமையில், விசிறிச் சத்தம் குறைந்த ஒரு நல்ல லேப்டாப் பல வீட்டுக் கூடங்களுக்கு மேசைக் கணினியைவிடப் பொருத்தமானது என்றே நான் கருதுகிறேன். கொடை நடக்கிற இடத்துக்கே கொண்டுபோகலாம். அய்யனார் கோவில் ஆற்றில் வெள்ளம் வந்தால் வனத்துறை யாரையும் விடாது. போக முடிந்த நாளில் பதிவை முடித்தாகவேண்டும். அங்கே பிளக் பாயின்ட்டைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. எதை வாங்கினாலும், வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனை வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஹெட்போனில் கேட்கிற அந்த 50 ஹெர்ட்ஸ் முனகலுக்குக் கணினியை மாற்றியவர்கள் உண்டு. எர்த் குழியில் தண்ணீர் ஊற்றியிருந்தால் போதுமாக இருந்திருக்கும்.

இனி நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகளுக்கு வருகிறேன். 'நாங்கள் குரலை மட்டும் பதிவு செய்வதில்லை. வயலின், புல்லாங்குழல், தபேலா எல்லாவற்றையும் சாம்பிள் லைப்ரரியில் வாசிக்கிறோம், அதற்கு வலு வேண்டாமா' என்பது நியாயமான கேள்வி. வேண்டும். அந்த வலு ரேமிலும் எஸ்எஸ்டியிலும் ஒற்றைக் கோர் வேகத்திலும் இருக்கிறது. ஒரு ட்ராக்கில் வரிசையாக மாட்டிய பிளக்கின்கள் பெரும்பாலும் ஒரே கோரில்தான் ஓடும். கோர்களின் எண்ணிக்கையைப் பெருக்கி அந்த ட்ராக்கை வேகப்படுத்த முடியாது. 16 ஜிபி ரேம் போதும், லைப்ரரி அதிகம் என்றால் 32. அதற்கும் மேல் திணறினால் முடிந்த ட்ராக்குகளை ஃப்ரீஸ் செய்துகொள்ளலாம். பாடுகிற நேரத்தில் ஆடியோ இன்டர்ஃபேஸிலேயே உள்ள நேரடி மானிட்டர் வசதியைப் பயன்படுத்தினால் பஃபரை 512க்கு ஏற்றிக்கொண்டு நிம்மதியாகப் பதிவு செய்யலாம். பாடுகிறவருக்குத் தாமதம் தெரியாது.

'அப்படியானால் மேக்தானே நம்பகமானது' என்பார்கள் சிலர். இதில் உண்மை இருக்கிறது. ஒலிக்கான கோர் ஆடியோ அந்த இயங்குதளத்திலேயே இருக்கிறது. 2020 முடிவில் வந்த எம்1 சில்லும் அதன் பின்வந்தவையும் சூடு குறைந்தவை. மேக்புக் ஏரில் விசிறியே கிடையாது. பணம் உள்ளவர் தாராளமாக வாங்கட்டும். ஆனால் அதில் ரேமைப் பிறகு கூட்டமுடியாது, பழுதானால் பக்கத்துக் கடையில் பாகம் மாற்றிக்கொள்கிற இயந்திரமும் அது இல்லை. கடன் வாங்கி மேக் வாங்கிவிட்டு, பேக்கப்புக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கப் பணமில்லாமல் நிற்பதைவிட, அலுவலகங்களிலிருந்து வருகிற ஆப்டிபிளெக்ஸ், திங்க்சென்டர், எலைட்டெஸ்க் போன்ற செகண்ட் ஹேண்ட் கணினி நூறு மடங்கு மேல். அவை நாள் முழுவதும் ஓடுவதற்கென்றே கட்டப்பட்டவை; பாகங்கள் கிடைக்கும். இன்டெல் பிராசசர் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது; எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் பிராசசர்களை விண்டோஸ் 11 பெரும்பாலும் ஏற்பதில்லை. 2011இல் தொடங்கி அரசு மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப் வீட்டில் கிடந்தால் அதையும் எறியவேண்டாம். எஸ்எஸ்டி மாற்றி, இணையத்தைத் துண்டித்து, ஒரு குரலும் ஒரு வாத்தியமும் பதிவு செய்ய அது போதும்.

மென்பொருள் பற்றிச் சொல்லும்போது உங்களில் சிலர் முகம் சுளிப்பீர்கள். கிராக் செய்த மென்பொருளை நியாயப்படுத்த 'எங்களால் அவ்வளவு பணம் கட்ட முடியாது' என்பது வழக்கமான வாதம். வறுமை உண்மை, வாதம் இப்போது உண்மை இல்லை. ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளைத் தனிநபரும் சிறு தொழில் செய்பவரும் 60 டாலருக்கு உரிமம் வாங்கலாம். 60 நாள் முழுதாக ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டலாம். லினக்ஸில் ஆர்டர் (Ardour) என்பதும் இருக்கிறது. திருட்டு நியாயமா என்ற கேள்வியை ஒதுக்கி, நம்பகத்தை மட்டும் பாருங்கள். கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற 'ஸ்டாப்' என்ற தீநிரல் பெரும்பாலும் கிராக் கோப்புகளோடு ஒட்டிக்கொண்டுதான் உலகம் முழுவதும் பரவியது. யூபிஎஸ்ஸும் விசிறியும் பார்த்துப் பார்த்து வாங்கிய கணினியில், யார் செய்தது என்றே தெரியாத ஒரு நிரலை, வைரஸ் காவலையும் நிறுத்திவிட்டு, நீங்களே உள்ளே அழைத்து வைக்கிறீர்கள். ஆத்தாளின் பாட்டும் அங்கேதான் இருக்கிறது.

'கூகுள் டிரைவில் போட்டுவிட்டேன், யூடியூபில் ஏற்றிவிட்டேன், இனி எங்கே போகும்' என்பது கடைசி மறுப்பு. யூடியூபில் இருப்பது சுருக்கிய ஒலி; தனித்தனி ட்ராக்குகள் அங்கே இல்லை. மேகச் சேமிப்பும் நல்லதுதான், ஒரு பிரதியாக. ஆனால் பிரதி இருக்கிறது என்ற நம்பிக்கை வேறு, பிரதி இருப்பது வேறு. 1998இல் பிக்சார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் கோப்புகள் ஒரு தவறான கட்டளையால் அழியத் தொடங்கின. பேக்கப்பைத் திறந்து பார்த்தால் அது ஒழுங்காக எடுக்கப்பட்டிருக்கவில்லை. வீட்டிலிருந்து வேலை செய்வதற்காகக் கேலின் சஸ்மன் என்பவர் தன் வீட்டுக் கணினியில் வைத்திருந்த பிரதியால்தான் படம் பிழைத்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்தைக் காத்தது இன்னொரு வீட்டில் இருந்த ஒரு பிரதி. நம் பக்கத்துக்கே வாருங்கள். காருகுறிச்சி அருணாசலம் 1964இல் மறைந்தார். 'கொஞ்சும் சலங்கை'யில் ஜானகியின் குரலோடு போட்டியிட்ட அவருடைய நாதஸ்வரத்தை இன்றும் நாம் கேட்கிறோம் என்றால், இசைத்தட்டிலும் படச்சுருளிலுமாக அது பல இடங்களில் இருந்ததால்தான். அவருக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு நம் ஊர் உறுமிக்காரருக்கு யார் கொடுப்பது? நீங்கள்தான் கொடுக்கமுடியும்.

எஸ்எஸ்டி வேகமானது, சத்தமில்லாதது, வாங்குங்கள். ஆனால் பழைய ஹார்ட் டிஸ்க் சாகும் முன் கரகரவென்று எச்சரிப்பதுண்டு, எஸ்எஸ்டி பல சமயம் சொல்லாமல் சாகும். எந்த நிறுவனத்தின் எந்தக் கணினியும் ஒருநாள் நிற்கும். ஆகவே நம்பகமான கணினி என்று நான் சொல்வது பெட்டியை மட்டும் இல்லை. கணினி, அதற்குக் கரண்ட் தருகிற யூபிஎஸ், அதில் உள்ள பாட்டுகளின் பிரதிகள் மூன்றும் சேர்ந்ததைத்தான். பெட்டி நின்ற மறுநாள் காலையில் வேறொரு பெட்டியில் அதே பாட்டைத் திறந்து வேலையைத் தொடரமுடிந்தால், உங்கள் கூடம் நம்பகமானது.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். கையில் 70,000 ரூபாய் இருந்தால் கணினிக்கு 45,000க்கு மேல் ஒதுக்காதீர்கள். மீதியில் யூபிஎஸ், இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க், மென்பொருள் உரிமம், எர்த் வேலை எல்லாவற்றையும் முடியுங்கள். 40,000தான் இருக்கிறது என்றால் கணினியின் விலையைக் குறையுங்கள், இரண்டு டிஸ்க்கையும் குறைக்காதீர்கள். வாங்கியவுடன் பாராட்டு விழா நடத்தாமல், அறையை மூடி, சீலிங் ஃபேனை நிறுத்தி, எட்டு ட்ராக்கை இரண்டு மணி நேரம் தொடர்ந்து பதிவு செய்து பாருங்கள். வெட்டு விழுந்தால் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள். ஓடுகிறது என்றான பிறகு, ஒரு வேலையின் நடுவில் அப்டேட் போடாதீர்கள். முடித்து, பிரதி எடுத்து, அப்புறம் போடுங்கள்.

இன்னொன்று, தனித்தனியாக உங்களால் முடியாதது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். இரண்டு ஊர்க் கூடங்களும் ஜோடி சேருங்கள். இரண்டு டிஸ்க்கில் ஒன்று உங்கள் வீட்டில் இருக்கட்டும். மற்றொன்று அடுத்த ஊர் நண்பர் வீட்டு பீரோவில் இருக்கட்டும், அவருடையது உங்கள் வீட்டில். நெருப்போ, திருட்டோ, இடியோ ஒரே நாளில் இரண்டு ஊரையும் தொடுவது அரிது. நண்பர் போட்டியாளராயிற்றே என்று தயங்கினால் கடவுச்சொல் போட்டுப் பூட்டிக் கொடுங்கள். மாதம் ஒருமுறை மாற்றிக்கொள்ளும்போது, பழைய பாட்டு ஒன்றை அவர் கணினியில் திறந்து, எல்லா ட்ராக்கும் ஓடுகிறதா என்று இருவரும் உட்கார்ந்து கேளுங்கள். பாடியவருக்கும் சுருக்காத வேவ் கோப்பாக ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுங்கள், குரல் அவருடையது. ஆடிப்பூரத் தேரோட்டம் நெருங்கினால் உங்களுக்கு வேலை குவியும், இதற்கெல்லாம் நேரம் இருக்காது. அதற்கு முன்பே உங்கள் ஜோடியைத் தேடிப் பேசி, முதல் டிஸ்க்கை மாற்றிக்கொண்டுவிடுங்கள்.